ஒரு பொறிக்குள் பல பொறிகள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. செயற்குழுவின் விருப்பப்படி ஆண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

கம்பனையும் வள்ளுவனையும் பற்றிக் கேட்டு இன்புற்ற இம்மேடையில், கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரெயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த எனக்கு, இப்பொருளில் பட்டமோ பட்டயமோ கிடையாது. எங்கள் காரியாலயத்தில் காகிதக் கோப்புகள் போய் இ-ஆபீஸ் முறை வந்தபோது, அதனை எங்கள் பிரிவினருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது பிரிவில் மூத்தவர் ஒருவர், “தம்பி, நாம் எழுதும் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அலமாரியைச் சுட்டிக்காட்டிப் பழகிய கைக்குச் சுட்ட ஓரிடம் இல்லை. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்து படித்தறிந்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் காலனியில் பெரும்பாலோர் பணம் போட்டு வைத்திருக்கும் சிக்கனக் கடன் சங்கத்தின் கணக்குகள் யாவும் ஒரு பழைய கணிப்பொறியை நம்பி இருக்கின்றன. அதை என்ன செய்வது என்பது பற்றி வரும் பொதுக்குழுவில் நீங்கள் கை தூக்க வேண்டியிருக்கும். எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்குவது நல்லதல்லவா?

முதலில், டேட்டா சென்டர் என்பது என்ன? தரவு மையம் என்று தமிழில் வழங்குகிறார்கள். நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி, இரவும் பகலும் குளிரூட்டி, மின்சாரம் ஒரு கணமும் நில்லாதபடி மின்கலங்களும் டீசல் இயந்திரங்களும் வைத்துக் காக்கும் கட்டிடம் அது. பிறருக்குப் பணி செய்யும் பொறியாதலால் அங்குள்ள கணிப்பொறியைச் சர்வர் என்கிறார்கள். வங்கி, மருத்துவமனை, பலசரக்கு விற்கும் பெரிய கம்பெனி ஆகிய எல்லாவற்றின் பேரேடுகளும் இன்று அத்தகைய கட்டிடங்களில்தான் இருக்கின்றன. நம் ரெயில்வேயும் இதில் பிந்தியதன்று. முன்பதிவுக்குக் கணிப்பொறி முறை 1985-இல் புதுதில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1986-இல் ரெயில்வே தகவல் முறைகளுக்கென ‘கிரிஸ்’ என்ற அமைப்பு ஏற்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின்னரே, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. 2002 ஆகஸ்டில் வீட்டிலிருந்தே எடுக்கும் வசதி வந்தது. இங்கிருந்து ஊருக்குப் போகப் பொங்கலுக்கு மூன்று மாதம் முன்பே கவுண்டர் வாசலில் விடியற்காலை வரிசை நின்ற பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் இ-ஆபீஸ் கோப்புகள், 2019 முதற்கொண்டு ரெயில்டெல் நிறுவனத்தாரின் குருகிராம், செகந்திராபாத் தரவு மையங்களில் வாழ்கின்றன. மூத்தவரின் கேள்விக்கு அதுதான் விடை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1990-களின் பிற்பகுதியில் சிறு கணிப்பொறிகள் மலிந்தபோது, கம்பெனிகள் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வாங்கிக் குவித்தன. சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று. இரண்டு வேலைகளை ஒரே பொறியில் ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். வைத்தால் ஒன்றுக்கு வேண்டிய துணைநிரல் மற்றொன்றுக்கு ஆகாது. ஒன்று மயங்கி விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். ஒன்றைத் திருத்திவிட்டுப் பொறியை அணைத்து ஏற்றினால் மற்றதன் வேலையும் நிற்கும். போதாக்குறைக்கு, தன் பட்ஜெட்டில் வாங்கிய பொறியைப் பக்கத்துப் பிரிவுக்குப் பங்கு தர எந்த அதிகாரிக்கும் மனம் வருவதில்லை. இது எல்லாக் காரியாலயங்களிலும் நாம் கண்டதே.

விளைவு என்னவென்றால், பெரும்பாலான சர்வர்கள் தம் ஆற்றலில் பத்து, பதினைந்து விழுக்காட்டுக்குமேல் உழைக்கவில்லை என்று அத்துறையினரே சொல்லலாயினர். உழைக்காத பொறி சும்மா இருக்கிறதா? இல்லை. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பரோசோ, ஊர்ஸ் ஹோல்சில என்ற இருவர் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நல்ல சர்வர்கூட ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதே முழு வேலையில் தின்னும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். அந்த மின்சாரம் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தைப் போக்க மீண்டும் மின்சாரம்.

இந்நோய்க்குக் கண்ட மருந்துதான் ‘விர்ச்சுவலைசேஷன்’. மெய்ந்நிகராக்கம் என்கிறார்கள் தமிழில். மெய்க்கு நிகர் என்பது பொருள்; நல்ல சொல். சிலர் இதை மாயக் கணிப்பொறி என்று எழுதுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. மாயையில் சமைத்த சோறு பசி தீர்க்காது. இதில் போட்ட கணக்கோ சரியாகவே வரும்.

இதன் தத்துவத்தை நம் தாய்மார்களுக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: ஒண்டுக்குடித்தனம். திருவல்லிக்கேணியிலோ மதுரையின் மாசி வீதிகளுக்கு உள்ளேயோ பழைய நாளில் ஒரு பெரிய வீட்டில் எட்டுக் குடித்தனங்கள் இருந்ததை உங்களில் சிலர் அனுபவித்திருப்பீர்கள். வாசல் ஒன்று, முற்றம் ஒன்று, கிணறு ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிப் பூட்டு, தனி அடுப்பு, தனி மின் மீட்டர். ஒரு வீட்டில் சண்டை என்றால் மற்றொரு வீட்டில் அடுப்பு அணைவதில்லை. இங்கே வீடு என்பது இரும்பும் சிலிக்கனுமான உண்மைச் சர்வர். குடித்தனங்கள்தாம் மெய்ந்நிகர் பொறிகள், இளைஞர்கள் ‘வீ.எம்.’ என்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, தன் சொந்த இயக்க மென்பொருளோடு வாழ்கிறது. ஒன்றில் விண்டோஸ், அடுத்ததில் லினக்ஸ். இவற்றுக்கெல்லாம் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுத்து, ஒருவர் அறையில் மற்றவர் நுழையாமல் காக்கும் வீட்டுக்காரர் ஒருவர் வேண்டுமே, அவர் பெயர் ‘ஹைப்பர்வைசர்’. ஒரு குடித்தனக்காரர் விடியற்காலையில் எழுந்து கிணற்று நீரையெல்லாம் இறைத்துக்கொண்டால் மற்றவர்கள் தவிப்பதுபோல், ஒரு வீ.எம். வட்டையோ வலையையோ ஏகபோகமாக்கினால் மற்றவை தவிக்கும். அளவு விதிப்பதும் வீட்டுக்காரர் வேலையே.

இது நேற்று முளைத்த யுக்தி என்று எண்ண வேண்டாம். ஐ.பி.எம். கம்பெனியார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் ‘சி.பி.-40’ என்ற ஏற்பாட்டை அமைத்தார்கள். 1967-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது உபயோகத்துக்கு வந்தது. ஒரே பொறியில் பதினான்கு மெய்ந்நிகர் பொறிகள்வரை அதில் ஓடின. 1972-இல் ‘வீ.எம்./370’ என்ற பெயரில் அக்கம்பெனி அதனை வாடிக்கையாளர்களுக்கே வழங்கியது. அக்காலத்துக் கணிப்பொறி ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். விலையும் கம்பெனியையே கலங்க அடிக்கும். ஆகவே ஒரு துளியும் வீணாக்காமல் பங்கிட்டார்கள். பின்னர்ச் சிறு பொறிகள் மலிவாக வந்தன. சிக்கனம் மறந்து போயிற்று. முப்பது ஆண்டு கழித்து, பாட்டன் காலத்து வித்தையைப் பரணிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று.

இறக்குவதும் எளிதாக இல்லை. எங்கள் காரியாலய வழக்கில் சொல்லுகிறேன். சில தாள்களில் எழுத்தர் கையெழுத்திடலாம். சிலவற்றில் அதிகாரிதான் இட வேண்டும். அதிகாரி இட வேண்டியதை எழுத்தர் இட்டு அனுப்பினால், அது திரும்பி அதிகாரியின் மேசைக்கு வந்தாக வேண்டும். அப்போதுதான் காரியாலயம் ஒழுங்காக நடக்கும். அதுபோல, உள்ளே குடியிருக்கும் வீ.எம். தனக்கு உரிமையில்லாத கட்டளை ஒன்றைப் பிறப்பித்தால், அது தடுக்கப்பட்டு ஹைப்பர்வைசரிடம் வர வேண்டும் என்று 1974-இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர் இலக்கணம் வகுத்தார்கள். மேசைக் கணிப்பொறிகளில் பரவிவிட்ட இன்டெல் வகைச் சில்லுகளோ இவ்விலக்கணத்துக்கு அடங்கவில்லை. பதினேழு கட்டளைகள் திரும்பி வராமல், தப்பாகவோ மௌனமாகவோ நிறைவேறிவிடும் என்று 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது.

அதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மெண்டல் ரோசன்பிளமும், அவர் துணைவியார் டயேன் கிரீனும், வேறு மூவரும் சேர்ந்து 1998-இல் ‘வீ.எம்.வேர்’ என்ற கம்பெனியைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது. உள்ளே ஓடும் கட்டளைகளை ஓடும்போதே படித்து, முரண்டு பிடிப்பவற்றை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவது. 1999-இல் மேசைப் பொறிக்கும், 2001-இல் சர்வருக்கும் அவர்கள் சரக்கு வெளிவந்தது. 2003-இல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜிலிருந்து ‘ஜென்’ வந்தது. 2005, 2006-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சில்லுக்குள்ளேயே இதற்கு வசதி செய்து கொடுத்தன. 2007-இல் லினக்ஸின் உட்கருவிலேயே ‘கே.வி.எம்.’ என்ற பகுதி சேர்ந்தது. அதற்கு உரிமத் தொகை கிடையாது. அமேசான் கம்பெனியார் 2006-இல் கணிப்பொறியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியதும் இந்த வித்தையை வைத்தே. ‘கிளவுட்’ என்று நம் பிள்ளைகள் ஓயாமல் சொல்லும் மேகத்தின் அடியில் இருப்பது இந்த ஒண்டுக்குடித்தனந்தான்.

கம்பெனிகளுக்கு இதனால் கிட்டிய பலன்களில் சர்வர் எண்ணிக்கை குறைந்ததையே எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கோ வேறு இரண்டு பெரிதாகத் தோன்றுகின்றன.

ஒன்று காலம். ஒரு புதிய சர்வர் வேண்டுமென்றால் இன்டென்ட் எழுதி, நிதிப் பிரிவின் ஒப்புதல் பெற்று, டெண்டர் விட்டு, வந்ததைச் சரிபார்த்து, தட்டில் ஏற்றிக் கம்பி இணைக்கும்வரை ஆகும் மாதங்களை நான் என் கையாலேயே எழுதிப் பார்த்திருக்கிறேன். வீ.எம். ஒன்றை உருவாக்குவது சில நிமிட வேலை. அது முழுவதும் வட்டில் ஒரு கோப்பாக இருப்பதால், கோப்பைப் படி எடுப்பதுபோலப் பொறியையே படி எடுக்கலாம்.

மற்றொன்று, ஓடுகிற பொறியை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து வேறொரு சர்வருக்கு மாற்றுவது. இதைப் படித்த அன்று நான் உண்மையாகவே வியந்தேன். எப்படி என்று கேளுங்கள். ஒரு எழுத்தர் ஒரு ரிஜிஸ்தரில் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவதை நிறுத்தாமல் அந்த ரிஜிஸ்தரைப் புதிய புத்தகத்துக்கு மாற்ற வேண்டும். முதலில் எல்லாப் பக்கங்களையும் படி எடுக்கிறோம். அதற்குள் அவர் முப்பது பக்கங்களில் ஏதோ மாற்றியிருப்பார். அந்த முப்பதை மட்டும் மீண்டும் எடுக்கிறோம். அதற்குள் நாலு பக்கம் மாறியிருக்கும்; அதையும் எடுக்கிறோம். கடைசியில் ஒன்றிரண்டு வரிகளே மிச்சமாக, “ஐயா, ஒரு கணம் பேனாவைத் தூக்குங்கள்” என்று சொல்லி, அவ்வரிகளை எழுதி, புதிய புத்தகத்தை அவர் முன் தள்ளிவிடுகிறோம். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறார். வீ.எம்.வேர் 2003-இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், ஆட்டக்காரர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விளையாட்டுச் சர்வரை இடம் மாற்றி, பேனா தூக்கி நின்ற நேரம் நொடியில் ஆயிரத்தில் 60 பங்குதான் என்று அளந்து காட்டினார்கள். முன்பு த்ரூ கோச் ஒன்றை நள்ளிரவில் ஜங்ஷனில் கழற்றி வேறு வண்டியில் கோப்பார்களே, அப்போது தூங்குகிற பயணிக்கு ஒரு குலுக்கலாவது தெரியும். இதில் அதுவும் இல்லை. சர்வரைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் பட்டப் பகலிலேயே குடித்தனங்களை அடுத்த வீட்டுக்கு மாற்றிவிட்டுத் திறந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவில் கண்விழித்து அதைச் செய்து வந்த இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் பலனை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் விற்பனையாளனாகிவிடுவேன். கேடுகளையும் சொல்ல வேண்டும்; அவற்றில் சற்று நின்று சொல்ல வேண்டும்.

எட்டு வீடுகளில் எட்டுக் குடித்தனங்கள் இருந்தால், ஒரு வீடு இடிந்தால் ஒரு குடித்தனம் தெருவுக்கு வரும். ஒரே வீட்டில் எட்டும் இருந்தால் எட்டும் வரும். இதற்குப் பரிகாரம் உண்டு: ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த வீ.எம்.கள் அண்டையிலுள்ள சர்வர்களில் தாமே எழுந்து ஓடத் தொடங்கும். ‘தொடங்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நான் முன்பு சொன்ன ரிஜிஸ்தர் மாற்றம்போல விட்ட இடத்திலிருந்து தொடர்வதன்று. மீண்டும் முதலிலிருந்து எழுவது. சில நிமிடங்கள் ஆகும். எழுதி முடியாமலிருந்த வரி போய்விடும். அதற்கும் அண்டைச் சர்வர்களில் காலியிடம் இருந்தாக வேண்டும். சிக்கனம் சிக்கனம் என்று எல்லாவற்றையும் நெருக்கி நிரப்பிவிட்டால் எங்கே போய் எழும்? நம் ஆர்.ஏ.சி. முறையில் ஒரு படுக்கைக்கு இருவரை உட்கார வைப்பது, யாராவது வராமற்போவார்கள் என்ற நம்பிக்கையில்தான். நினைவகத்தையும் அப்படி இருப்பதற்குமேல் வாக்களிக்கலாம், பலர் செய்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து படுக்கை கேட்கும் மாதக் கடைசியில் வேடிக்கை தெரியும்.

இன்னொன்று, வீட்டுக்காரரையே திருடன் பிடித்துக்கொள்வது. 2023 பிப்ரவரியில், வீ.எம்.வேர் ஹைப்பர்வைசர்களைத் தாக்கி, உள்ளிருந்த வீ.எம். கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்ட ஒரு தாக்குதல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் நடந்தது. திருடன் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு அடைப்பு 2021 பிப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. இரண்டாண்டுக் காலம் அதைப் பொருத்தாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள்.

கட்டிடமே போனால்? 2021 மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துத் தரவு மையம் ஒன்று எரிந்து போயிற்று. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பிடித்து, 709 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஒரு பெரிய சேமிப்பகம் அடியோடு அழிந்தது. அதற்கு வெளியே வேறு படி இல்லை. தொழில்நுட்பத்தில் கொரியர்கள் நமக்கு எவ்வளவோ முன்னே நிற்பவர்கள். அந்த ஊழியர்களில் ஒருவனாக என்னை நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைத்திருக்கிறோம், பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். பொறியின் அந்தக் கணத்து நிலையைக் குறித்து வைக்கும் வசதி அது, நல்லதுதான். ஆனால் அது இருப்பதும் பெரும்பாலும் அதே வட்டில்தானே. வீட்டுச் சாவியின் மறுபடியை அந்த வீட்டுக்குள்ளேயே ஆணியில் மாட்டி வைப்பது எப்படிக் காவலாகும்?

உரிமத் தொல்லை ஒன்று உண்டு. 2023 நவம்பரில் வீ.எம்.வேர் கம்பெனியைப் பிராட்காம் என்ற கம்பெனி வாங்கிற்று. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கொடுத்து என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும் உரிமங்களை விற்பதை நிறுத்தி, ஆண்டுச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. செலவு பன்மடங்கு ஏறிவிட்டதென்று பல நாட்டு வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். ஏ.டி. அண்டு டி. என்ற பெரிய தொலைபேசிக் கம்பெனியே 2024-இல் நீதிமன்றம் ஏறிற்று, அவ்வாண்டே சமரசமாயிற்று. இவ்வளவு பெரியவர்களுக்கே அந்தக் கதி. கே.வி.எம்.-ஐ அடிப்படையாகக் கொண்டு வியன்னாவிலிருந்து வரும் ‘பிராக்ஸ்மாக்ஸ்’ போன்ற ஏற்பாடுகளைச் சிறு காரியாலயங்கள் நாடத் தொடங்கியதற்கு இதுவும் காரணம். வீடு மாறுவது எளிது என்று முன்னே சொன்னேன். வீட்டுக்காரரை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. ஒருவர் முறைப்படி கட்டிய கோப்புகளை மற்றவர் முறைக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

உருவாக்குவது எளிதாகிவிட்டதால் தேவையற்ற வீ.எம்.கள் சத்திரத்தில் வந்து தங்கிப் போக மறந்தவர்களைப்போலப் பெருகுவதும் உண்டு. அதை விரித்துச் சொல்ல நேரமில்லை.

இனி நம் சிக்கனச் சங்கத்துக்கு வருவோம்.

அங்கே இருக்கும் பொறியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். கணக்கு நிரல் பாக்ஸ்ப்ரோவில் எழுதியது. அதையும் 2015-இல் கைவிட்டுவிட்டார்கள். நிரலை எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியவில்லை. கொடுத்த முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வந்தது. பொறியின் பின்புறத்தில் பழைய பிரிண்டர் செருகும் வாயில் ஒரு சிறு பூட்டுத் துண்டு செருகியிருக்கிறது. அது இல்லாவிட்டால் நிரல் திறக்காது. சென்ற கோடையில் இப்பொறி ஒன்பது நாள் எழவே இல்லை. அப்போதுதான் ஓய்வு பெற்ற ஒருவர், மகள் திருமணத்துக்குத் தம் பணத்தையே எடுக்க முடியாமல், வட்டிக்கு வாங்கினார். பொறியைப் பார்க்க வந்தவர் விசிறியை மாற்றினார், பொறி எழுந்தது. அடுத்த கோடைக்கு என்ன மாற்றுவது?

பெரியவர் ஒருவர், “பழையபடி பேரேட்டில் எழுதிவிட்டால் போகிறது” என்கிறார். அவர் எழுத்தின் அழகை நான் அறிவேன். ஆனால் இத்தனை ஆண்டு வட்டிக் கணக்கையும் அந்தப் பொறிக்குள்ளிருந்து எடுத்தால்தானே பேரேட்டில் ஏற்றலாம்? இளைஞர்கள், புதிதாக நிரல் எழுத வேண்டும் என்கிறார்கள். அதுவே சரி, ஆனால் பணமும் ஓராண்டுக்குக் குறையாத காலமும் வேண்டும். அதுவரை விசிறியை நம்பி இருக்கலாகாது.

இடையிலுள்ள வழி, பழைய பொறியின் வட்டை அப்படியே படி எடுத்து, ஒரு புதிய கணிப்பொறிக்குள் வீ.எம். ஆக ஏற்றிவிடுவது. உள்ளே எக்ஸ்பியும் பாக்ஸ்ப்ரோவும் ஏதும் மாறாதது போலவே ஓடும். பெரிய கம்பெனிகள் கைவிட முடியாத பழைய நிரல்களை இன்றுவரை காத்து வருவது இம்முறையால்தான். இணையத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது. காவலில்லாத எக்ஸ்பியைத் தெருவில் நிறுத்துவது போலாகும். வீ.எம். கோப்பின் படிகள் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் காலனிக்கு வெளியே. மாதம் ஒருமுறை அப்படியைத் திறந்து ஓட்டிப் பார்த்து, பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். திறந்து பார்க்காத படி, இருக்கிறதென்ற எண்ணத்தை மட்டுமே தரும்.

தடைகள் இரண்டு. பழைய பிரிண்டர் வாய் புதிய பொறிகளில் இல்லை. அதற்கென ஓர் அட்டையைப் பொருத்தி, உள்ளிருக்கும் வீ.எம்.-க்கு நேரே கொடுத்தால் பூட்டு திறக்கும் என்கிறார் நம் காலனிப் பிள்ளைகளில் இவ்வேலையில் இருக்கும் ஒருவர். திறந்து காட்டிய பின்புதான் நான் நம்புவேன். அவரும் அதுவே சொல்கிறார். மற்றொன்று, பழைய பொறியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அப்பொறியோடு முடிந்துவிடும் வகை. அதை நிர்வாகிகள் எழுதிக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும், தீர்க்காமல் விடலாகாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இதைச் செய்யலாம். ஆனால் புதிய நிரலுக்கு ஒரு கெடுத் தேதியைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டுச் செய்ய வேண்டும். ஒழுகும் வீட்டை அப்படியே பெயர்த்துப் புது மனையில் வைத்தாலும், ஒழுகல் கூடவே வரும். வேலை நடந்துவிட்டது என்ற நிம்மதியில் புதிய நிரலை எல்லோரும் மறந்துவிடுவதுதான் நான் அஞ்சுவது. பெரிய கம்பெனிகளிலேயே அப்படி மறந்து, இருபதாண்டுக்கு முந்திய நிரல்களை வீ.எம்.களுக்குள் போற்றி வருகிறார்கள்.

பொதுக்குழுவுக்கு முந்திய ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை ஓட்டம் நடத்த நிர்வாகிகள் இசைந்திருக்கிறார்கள். பழைய பொறியிலிருந்து எல்லா உறுப்பினர்களின் இருப்புப் பட்டியலையும் அச்சிடுவோம். அதே பட்டியலைப் புதிய பொறிக்குள் இருக்கும் வீ.எம்.-இலிருந்தும் அச்சிடுவோம். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க இருவர் இருப்பார்கள். பொறிகள் இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. உங்கள் கையிலிருக்கும் பாஸ்புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே தாய்மார்கள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதைத் தேடி எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் டியூட்டியில் இருந்தால் நீங்களே கொண்டு வரலாம். கடைசிப் பதிவு விட்டுப்போயிருந்தால் ரசீதுகளையும் எடுத்து வாருங்கள். கூடத்தில் வலப்பக்கத்து மேசையில் நான் இருப்பேன்.